குபர்னெட்டிஸும் சிடிஎன்னும்: இரண்டு ஆண்டுகள் சேர்த்து ஓட்டிப் பார்த்த அனுபவம்

காலை 10 மணிக்குத் தேர்வு திறக்கும் என்று அறிவித்திருந்தால் 9.58-க்கே எல்லோரும் வந்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யத் தொடங்கிவிடுவார்கள். இணையவழி மாதிரித் தேர்வு நடத்தும் தளம் எங்களுடையது. குழுவில் நான்கு பேர். சர்வர் பக்கம் என் பொறுப்பு. சாதாரண நாளில் ட்ராஃபிக் அமைதியாக இருக்கும். தேர்வு நாளில் இரண்டே நிமிடத்தில் முப்பது மடங்கு ஏறும், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான், செயலியைப் பல சர்வர்களில் ஓட்டி மேற்பார்க்கும் குபர்னெட்டிஸையும், பக்கங்களின் நகலை உலகெங்கும் உள்ள மையங்களில் வைத்து அருகிலிருந்தே வழங்கும் சிடிஎன்னையும் கொண்டுவந்தோம். இரண்டு ஆண்டு ஆகிறது. எது எதற்கு உதவியது, எங்கே காலை வாரியது என்று எழுதிவைக்க நெடுநாளாக ஆசை.

முன்பு எங்களிடம் இருந்தது இரண்டு சர்வர், அவற்றுக்கு முன்னால் வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும் ஒரு என்ஜின்எக்ஸ் மென்பொருள். இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று மாறி மாறி அனுப்பும் ரவுண்ட் ராபின். ஒரு தேர்வு நாளில் ஒரு சர்வர் மெமரி நிரம்பி, சாகவும் இல்லாமல் ஒழுங்காகப் பதில் சொல்லவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸ் அதுபாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை அங்கேயே அனுப்பியது. நான் உள்ளே புகுந்து அந்த சர்வரைக் கையால் பட்டியலிலிருந்து எடுப்பதற்குள் பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது. மாதக்கணக்கில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுடைய பன்னிரண்டு நிமிடம் அது. அடுத்த வாரமே வேலையைத் தொடங்கினேன்.

குபர்னெட்டிஸ் இலவச மென்பொருள். கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த போர்க் என்ற அமைப்பில் கற்ற பாடங்களைக் கொண்டு 2014-இல் அறிவித்தது; 2015-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. நாமே நிறுவியும் ஓட்டலாம், ஆனால் நான்கு பேருக்கு அது தாங்காது. ஒரு கிளவுட் நிறுவனம் பராமரித்துத் தரும் கிளஸ்டரை (சர்வர்க் கூட்டத்தை) எடுத்துக்கொண்டோம். சிடிஎன் இன்னொரு நிறுவனத்துடையது. இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகிறவை பெரும்பாலும் எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் எதிர்ப்படும்.

குபர்னெட்டிஸில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதனிடம் பேசும் முறை. செயலியின் ஓடும் ஒரு பிரதிக்கு அங்கே பாட் என்று பெயர். 'ஆறு பாட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்பி ஆறாக்கிவிடும். ஒரு நள்ளிரவில் ஒரு நோட், அதாவது பாட்கள் ஓடும் சர்வர்களில் ஒன்று, மொத்தமாகப் போய்விட்டது. காலையில் லாகை (நிகழ்வுப் பதிவை) பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. போன நோட்டில் இருந்த பாட்களுக்கு இயல்பாக ஐந்து நிமிட அவகாசம் கொடுத்துப் பார்க்கும். அப்புறம் வேறு நோட்களில் புதிதாக எழுப்பும். அதற்குள் மற்ற பாட்கள் சுமையை ஏற்றுக்கொண்டிருந்தன. யாரும் புகார் சொல்லவில்லை. அன்று காலை எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் ட்ராஃபிக்கைப் பகிர்வது என்று வரும்போது, அது நாம் சொல்வதை அப்படியே நம்பும். எந்தப் பாட் தயார், எது தயாரில்லை என்பதை ரெடினஸ் ப்ரோப் என்ற சோதனை சொல்லும். இயல்பு அமைப்பில் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் அந்தப் பாட்டுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும். திணறும் சர்வருக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்த எங்கள் பழைய நோய்க்கு இதுதான் மருந்து. அந்த மருந்தையும் நாங்கள் தவறாகக் கொடுத்தோம். சோதனை முழுமையாக இருக்கட்டும் என்று, ரெடினஸுக்குள் டேட்டாபேஸ் பதில் சொல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வைத்தேன். ஒருநாள் டேட்டாபேஸ் சற்று மெதுவானது. எல்லாப் பாட்டும் ஒரே நேரத்தில் 'நான் தயாரில்லை' என்றன. குபர்னெட்டிஸ் எல்லாவற்றையும் விலக்கியது. ஆள் அனுப்ப ஒரு பாட் கூட இல்லாமல் தளம் முழுக்க 503, அதாவது சேவை இல்லை என்ற பிழை. மெதுவாகவாவது ஓடியிருக்க வேண்டிய தளம் அடியோடு நின்றது. இப்போது ரெடினஸ் அந்தப் பாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றிக் கேட்பதில்லை.

அடுத்தது தானாக எண்ணிக்கையைக் கூட்டும் ஆட்டோஸ்கேலர். ஆறு பாட்டின் சராசரி சிபியு 90 சதவீதம், நமக்கு வேண்டியது 60 என்றால், ஆறைத் தொண்ணூறால் பெருக்கி அறுபதால் வகுத்து ஒன்பது பாட் ஆக்கும். எளிய கணக்கு, நல்ல கணக்கு. நாள் முழுக்க மெல்ல ஏறி இறங்கும் தளத்துக்கு மிகப் பொருத்தம். எங்களைப் போல 10 மணிக்கு முட்டி மோதும் தளத்துக்கு இதை மட்டும் நம்ப முடியாது. 15 விநாடிக்கு ஒருமுறைதான் அளவைப் பார்க்கும். அப்புறம் பாட்டுக்கு இடம் தேட வேண்டும், செயலியின் பொதியான இமேஜை இறக்க வேண்டும், எங்கள் செயலி கிளம்பவே நாற்பது விநாடி. இடமில்லை என்றால் புது நோட் வரச் சில நிமிடம். உதவி வந்து சேரும்போது கூட்டம் தள்ளுமுள்ளை முடித்திருக்கும். அதனால் தேர்வு அட்டவணையைப் பார்த்து 9.40-க்கே குறைந்தபட்ச எண்ணிக்கையை உயர்த்திவைக்கும் ஒரு சின்ன வேலையை எழுதினோம். எப்போது கூட்டம் வரும் என்று முன்பே தெரிந்தவர்கள் அந்தத் தகவலைப் பயன்படுத்தாமல் இயந்திரத்தை ஊகிக்க விடுவது வீண். இறங்கும்போது ஆட்டோஸ்கேலர் அவசரப்படுவதில்லை, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் குறைக்கும். அது எங்களுக்கு நன்றாகவே பொருந்தியது.

சரி, சிடிஎன்னுக்கு வருகிறேன். இதை வெறும் படம் தூக்கிக் கொடுக்கும் சேவை என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரக் குறைந்தது 100 மில்லிவிநாடி. இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு முறை, அதைப் பிறர் படிக்காதபடி பூட்டும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு முறை, கேட்டதை வாங்க ஒரு முறை என்று மூன்று பயணம். முதல் எழுத்து வருவதற்கே 300. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இந்த எண் குறையாது. சிடிஎன் இருந்தால் கைகுலுக்கல் எல்லாம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கேஷில் (சிடிஎன் சேமித்து வைத்திருக்கும் நகல்களில்) இல்லாத பக்கம் கூட, சிடிஎன் எங்கள் சர்வரோடு ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன் வழியாக ஒரே நீண்ட பயணத்தில் வந்துவிடும். கேஷ் செய்யவே முடியாத லாகின் பக்கம் வேகமானதைப் பார்த்து எங்கள் குழுவே ஆச்சரியப்பட்டது.

கேஷ் வேலை செய்யும் விதத்தில் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு உண்டு. எந்தக் கோப்பை எந்த இயந்திரத்தில் வைப்பது, ஒரு இயந்திரம் கூடினாலோ குறைந்தாலோ எல்லாவற்றையும் புரட்டிப் போடாமல் ஒரு சிறு பங்கை மட்டும் இடம் மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு எம்ஐடியில் 1997-இல் கன்சிஸ்டன்ட் ஹாஷிங் என்ற விடை வெளிவந்தது. அதை எழுதியவர்களில் டாம் லெய்ட்டனும் டேனி லூவினும் 1998-இல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லோடு பேலன்சிங் (சுமையைப் பகிர்வது) பற்றிப் படிக்க வருகிற யாருக்கும் நான் முதலில் அந்தக் கருத்தைத்தான் விளக்குவேன்.

முதல் வாரம் எங்கள் கேஷ் ஹிட் விகிதம், அதாவது சர்வர் வரை வராமல் கேஷிலிருந்தே பதில் கிடைத்த கோரிக்கைகளின் பங்கு, பரிதாபமாக இருந்தது. காரணம் எங்கள் பக்கம்தான். செயலி எல்லாப் பதிலோடும் வந்தவரை அடையாளம் காணும் ஒரு செஷன் குக்கியை ஒட்டி அனுப்பியது. குக்கி ஒட்டிய பதிலை எங்கள் சிடிஎன் கேஷில் வைக்காது, வைக்கவும் கூடாது. பகிரப்படும் லிங்குகளின் வாலில் கண்காணிப்புக் குறியீடுகள் வேறு. ஒரே பக்கத்தை நூறு பக்கம் என்று எண்ணி நூறு முறை எங்களிடம் கேட்டது. இரண்டையும் சரிசெய்ததும் விகிதம் மளமளவென்று ஏறியது. இதில் ஒரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. 90 சதவீதத்திலிருந்து 95-க்குப் போனால் ஐந்து சதவீத முன்னேற்றம் என்று தோன்றும். நம் சர்வருக்கு வருவது பத்திலிருந்து ஐந்தாகிறது, அதாவது பாதி. திருப்பிப் பார்த்தால், கேஷ் விதியில் ஒரு சின்னத் தவறு விழுந்து 95 என்பது 90 ஆனால், பின்னால் இருக்கும் பாட்களுக்கு வேலை இரட்டிப்பு. டெப்ளாய் (புதிய பதிப்பை ஏற்றுவது) ஆனதும் நான் முதலில் பார்க்கும் எண் இன்றைக்கும் இதுதான்.

சிடிஎன்னில் நாங்கள் செய்த மிக மோசமான தவறும் கேஷில்தான். தேர்வு தொடர்பான எல்லாப் பக்கத்தையும் கேஷ் செய் என்று ஒரு பொது விதி போட்டோம். அந்த முகவரிக்குக் கீழே மதிப்பெண் பக்கமும் இருந்தது. ஒருவருடைய பெயரும் மதிப்பெண்ணும் இன்னொருவருக்குத் தெரிந்தது. எட்டு நிமிடத்தில் கண்டுபிடித்துக் கேஷைக் காலி செய்தோம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினோம். நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. அன்றிலிருந்து விதியைத் தலைகீழாக்கிவிட்டோம். எதையும் கேஷ் செய்யாதே. செயலி தன் வாயால் கேஷ் செய்யலாம் என்று ஹெடரில் (பதிலோடு போகும் குறிப்பில்) சொன்னதை மட்டும் செய். ஆள் சம்பந்தப்பட்ட எல்லாப் பதிலிலும் 'பிரைவேட், நோ-ஸ்டோர்', அதாவது எங்கேயும் சேமிக்காதே. புதிதாக சிடிஎன் வைப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு திறக்கும் நொடியில் இன்னொரு சிக்கல். வினாத்தாளின் படங்கள் அதுவரை எங்கேயும் கேஷில் இருக்காது. உலகெங்கும் உள்ள சிடிஎன் மையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் 'என்னிடம் இல்லை' என்று எங்களிடம் ஓடிவரும். ஒரே மையத்துக்குள் ஆயிரம் பேர் ஒரே கோப்பைக் கேட்டால் அவற்றை ஒன்றாக்கி ஒரே கோரிக்கையாக அனுப்பும் வசதி இருந்தது. ஆனால் மையங்களே பல. அவற்றுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மையத்தை மட்டும் நிறுத்தி எல்லோரும் அதனிடமே கேட்கும்படி செய்யும் ஆரிஜின் ஷீல்டை இயக்கியதும் அந்த முட்டல் நின்றது. கூடவே 'ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்', 'ஸ்டேல்-இஃப்-எரர்' என்ற இரண்டு குறிப்புகளையும் ஹெடரில் சேர்த்தோம். 2010-லேயே ஆர்எஃப்சி 5861 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இவற்றை வரையறுத்துவிட்டது. முதலாவது, காலாவதியான பக்கத்தை உடனே கொடுத்துவிட்டுப் பின்னால் புதியதை வாங்கிவைக்கச் சொல்லும். இரண்டாவது, சர்வர் விழுந்து கிடந்தால் பழையதையாவது கொடுக்கச் சொல்லும். பாட விளக்கப் பக்கங்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

இதுவரை சொன்னவை தனித்தனிப் பொருள்களின் குணம். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பற்றித்தான். எங்களுக்கு விழுந்த கடினமான அடிகள் பெரும்பாலும் அந்த ஒட்டுமிடத்தில் விழுந்தவை. அந்த இடத்துக்கு இரண்டு நிறுவனங்களின் கையேட்டிலும் முழுமையான பக்கம் இல்லை.

ஒரு தேர்வு நாளில் பாட்களை ஆறிலிருந்து இருபதாக்கியிருந்தோம். பழைய ஆறும் கொதித்துக்கொண்டிருந்தன, புதிய பதினான்கும் கிட்டத்தட்ட சும்மா இருந்தன. ரெடினஸ் எல்லாம் பச்சை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. பாட்களுக்கு ட்ராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் சர்வீஸ் என்ற குபர்னெட்டிஸ் பகுதி பகிர்வது கனெக்ஷன்களை. அதற்குள் ஓடும் ஒவ்வொரு கோரிக்கையும் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கனெக்ஷன் ஒரு பாட்டோடு இணைந்துவிட்டால் அறுந்துபோகும் வரை அங்கேயேதான். நேரடியாக ஆட்கள் வந்தால் புதுப் புது கனெக்ஷன் வந்து தானாகப் பரவியிருக்கும். எங்களிடம் வருவதோ சிடிஎன். அது திறந்த கனெக்ஷனை மூடாமல் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும். எந்தக் குணத்தால் லாகின் பக்கம் வேகமானதோ, அதே குணம்தான் புதிய பாட்களைப் பட்டினி போட்டது.

நடுவில் ஒவ்வொரு கோரிக்கையையும் பிரித்துப் பார்த்து அனுப்பும் ஒரு ப்ராக்ஸியை, எங்கள் விஷயத்தில் என்வாயை, வைத்ததும் சுமை சமமானது. அதில் லீஸ்ட் ரிக்வஸ்ட் முறையைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாப் பாட்டையும் பார்க்காமல், ஏதோ இரண்டைக் குலுக்கலில் எடுத்து, அவற்றில் கையில் வேலை குறைவாக உள்ளதிடம் அனுப்பும். ஒன்றைக் குலுக்கி எடுப்பதற்குப் பதில் இரண்டை எடுத்து ஒப்பிட்டாலே நெரிசல் பெருமளவு குறைந்துவிடும் என்பது கணிதத்தில் நிரூபிக்கப்பட்ட ஒன்று. எங்கள் வரைபடத்தில் அது கண்முன்னே நடந்ததைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

இரண்டாவது அடி டெப்ளாய் நேரத்தில். குபர்னெட்டிஸ் பழைய பாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதியவற்றை வைக்கும். அந்த ஓரிரு நிமிடம் இரண்டு பதிப்பும் ஒன்றாக ஓடும். ஒருவருக்குப் புதிய பாட்டிலிருந்து பக்கம் வந்தது. அந்தப் பக்கம் ஒரு புதிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டது. அந்தக் கோரிக்கை பழைய பாட்டில் போய் விழுந்தது. அங்கே அந்தக் கோப்பு கிடையாது, 404. குபர்னெட்டிஸ் மட்டும் இருந்திருந்தால் ஒருவருக்குப் பாதிப்பு, ரெஃப்ரெஷ் செய்தால் சரி. எங்கள் சிடிஎன் 404-ஐயும் சில நிமிடம் நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பில் இருந்தது. ஒருவருக்குக் கிடைத்த 'இல்லை' என்ற பதிலை அந்தப் பகுதி முழுவதற்கும் விநியோகித்தது. தேர்வுப் பக்கம் வெள்ளையாக நின்றது. இப்போது டெப்ளாய்க்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் பாட்களுக்கு வெளியே ஒரு தனிச் சேமிப்பில் ஏற்றிவிடுகிறோம். பெயரிலேயே உள்ளடக்கத்தின் ஹாஷ் (அதிலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) இருப்பதால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; பழையவற்றை உடனே அழிப்பதில்லை. 404-ஐக் கேஷ் செய்வதையும் நிறுத்திவிட்டோம்.

பாட் மூடும்போது வரும் 502-களும் (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) இதே வகை. மூடச் சொல்லும் சிக்னலும், பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் வேலையும் குபர்னெட்டிஸில் ஒரே சமயத்தில் தொடங்கும். பாட் முதலில் மூடிக்கொண்டால், செய்தி போய்ச் சேராத இடங்களிலிருந்து ஆட்கள் வந்து கதவில் முட்டுவார்கள். மூடுவதற்கு முன் பத்து விநாடி சும்மா இருக்கும்படி ப்ரீஸ்டாப் என்ற அமைப்பில் ஒரு வரி சேர்த்தோம். மொத்த அவகாசம் இயல்பாகவே 30 விநாடி என்பதால் இடிக்கவில்லை. ஒரு வரிதான். அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

ஐபி முகவரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிடிஎன் வைத்த பிறகு வருகிறவர்கள் எல்லோரும் சிடிஎன் முகவரியில்தான் தெரிவார்கள். ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மீறி வருவதைத் தடுக்கும் எங்கள் ரேட் லிமிட்டர் ஒரு சிடிஎன் மையத்தையே தாக்குதல் என்று நினைத்துத் தடுத்துவிட்டது. வந்தவரின் உண்மையான முகவரியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரைப் படிக்க வைத்தோம், சிடிஎன்னிலிருந்து வந்தால் மட்டும் அதை நம்பும்படி. சர்வரின் நேரடி முகவரியையும் சிடிஎன் தவிர வேறு யாருக்கும் திறக்காதபடி பூட்டினோம்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குபர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள் கிடையாது. பலரும் வாசலாகப் பயன்படுத்தி வந்த இன்க்ரஸ்-என்ஜின்எக்ஸ் திட்டத்தையே 2026 மார்ச்சோடு நிறுத்துவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதன் இடத்துக்குப் பரிந்துரைப்பது கேட்வே ஏபிஐ. சிடிஎன்னில் பராமரிப்பு குறைவு, ஆனால் அது விழுந்தால் நம்மால் செய்ய முடிவதும் குறைவு. 2021 ஜூன் 8-ஆம் தேதி ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் நிறுவனத்தில் ஒளிந்திருந்த ஒரு மென்பொருள் பிழை, ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பை மாற்றியதில் தூண்டப்பட்டு, உலகின் பெரிய தளங்கள் பல ஒன்றாக இருண்டன. அப்போது பூட்டைத் திறந்து, தளத்தின் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்-ஐ நேராகச் சர்வருக்குத் திருப்பும் வழிமுறையை நாங்கள் எழுதிவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கிறோம். சிடிஎன் இல்லாமல் தேர்வு நாளை எங்கள் பாட்கள் தாங்காது. சாதாரண நாளைத் தாங்கும்.

மதிப்பெண் கேட்டால் சிடிஎன்னுக்கு ஐந்துக்கு நாலரை. தேர்வு நாளின் பாரத்தைத் தூக்கியது அதுதான், நானூறு வரி எழுதாமல். அரை மதிப்பெண் குறைத்தது, கேஷ் நிலவரம் தெரியும் விரிவான லாகை உயர்ந்த திட்டத்தில் மட்டும் கொடுப்பதற்காக. அந்த லாக் இல்லாமல் மேலே சொன்ன கேஷ் சிக்கல் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. குபர்னெட்டிஸுக்கு மூன்றரை. இரண்டு சர்வரில் நிம்மதியாக ஓடும் தளம் என்றால் இதைத் தொட வேண்டாம், சிடிஎன்னை மட்டும் ஒழுங்காக அமைத்துவிட்டு ஹிட் விகிதத்தைப் பாருங்கள். அப்படியும் சர்வர்கள் மூச்சு முட்டினால், அல்லது வாரத்துக்குப் பல முறை டெப்ளாய் செய்கிறீர்கள் என்றால், அப்போது வாருங்கள்.

சிடிஎன் விற்க வருகிறவரிடம் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆரிஜின் ஷீல்டு இந்தத் திட்டத்தில் உண்டா? ஒரு கோப்பைக் கேஷிலிருந்து நீக்கச் சொன்னால் எல்லா மையத்திலும் நீங்க எத்தனை விநாடி ஆகும்? எங்கள் சர்வரோடு வைத்திருக்கும் கனெக்ஷனை எவ்வளவு நேரம் திறந்து வைப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் வந்த விற்பனையாளருக்குப் பதில் தெரியவில்லை. தங்கள் பொறியாளரை அழைத்து வந்தார், அவர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அந்த அழைப்புக்குப் பிறகுதான் நாங்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தோம்.